மீனாவுக்கு: முதலில் கெமிஸ்ட்ரி

அன்புள்ள மீனா,

நீ அனுப்பிய எக்செல் அட்டவணையை அப்பாவும் நானும் நிதானமாகப் பார்த்தோம். 32 வயதில், கணக்குப் பிரிவில் நல்ல வேலையில் இருக்கும்போது, பல் மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் மீதிக் கடிதம் முழுக்க உன் அட்டவணையைப் பற்றித்தான். உன் முடிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. நீ போட்டிருக்கும் வேகம்தான் கவலையாக இருக்கிறது.

உன் திட்டப்படி இந்த ஆகஸ்டில் ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் மூன்றையும் ஒன்றாகத் தொடங்குகிறாய். ஜனவரியில் மூன்றுக்கும் இரண்டாம் பகுதி. 2027 கோடையில் பத்தே வாரத்தில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி முழுவதும். உடனே டி.ஏ.டி. என்கிற பல் மருத்துவ நுழைவுத் தேர்வு, விண்ணப்பம். 2028-இல் டென்டல் ஸ்கூல். கட்டங்கள் எல்லாம் பொருந்துகின்றன. ஆனால் வேலை பார்த்துக்கொண்டே திரும்பப் படிக்க வருகிறவர்களை இத்தனை வருஷமாக இங்கே டெக்சாஸில் எங்கள் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருஷக் கல்லூரி) லேபில் பக்கத்திலிருந்து பார்க்கிறவள் நான். கரைசல் கலந்து, பியூரெட் எடுத்து வைத்து, உடைந்த பீக்கரை எழுதி வைப்பதுதான் என் வேலை. ஆனால் யார் எந்த வாரத்தில் வருவதை நிறுத்துகிறார்கள் என்பதும் லேபில்தான் முதலில் தெரியும். அவர்களுக்குப் புத்தி போதாமல் இல்லை. ஒரே செமஸ்டரில் இரண்டு மூன்று லேப் பாடங்களை எடுத்துக்கொண்டு, ஆபீசில் மாதக் கடைசி நெருக்கடி வந்ததும் மூச்சு முட்டிப் போய்விடுகிறார்கள். உன் வேலையில் மாதக் கடைசியும் காலாண்டுக் கடைசியும் எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும்.

இந்தப் பாடங்களில் கெமிஸ்ட்ரியைத்தான் ஒன்றன் பின் ஒன்றாக எடுத்தே ஆக வேண்டும். ஜெனரல் கெமிஸ்ட்ரியின் முதல் பகுதி கெம் 1411, அதை முடிக்காமல் இரண்டாம் பகுதியான 1412-க்கு விடமாட்டார்கள். 1412 இல்லாமல் ஆர்கானிக் முதல் பகுதியான 2423 கிடையாது. அப்புறம் அதன் இரண்டாம் பகுதி 2425, அதற்கும் அப்புறம்தான் பயோகெமிஸ்ட்ரி. கோடையைத் தொடாமல் போனால் ஐந்து செமஸ்டர். பயாலஜியும் பிசிக்ஸும் அப்படியில்லை, கிடைக்கிற இடைவெளியில் செருகிக்கொள்ளலாம். அதனால் வெறும் தாளில் முதலில் கெமிஸ்ட்ரியின் ஐந்து கட்டங்களை மட்டும் எழுது. மற்றவற்றை அதைச் சுற்றி நிரப்பு. நீ பாடங்களை வரிசைப்படி எழுதி எல்லாவற்றையும் சமமாகப் பங்கிட்டிருக்கிறாய். அதில்தான் கோடை ஆர்கானிக் உள்ளே வந்திருக்கிறது.

கோடை ஆர்கானிக் வேண்டவே வேண்டாம். இரண்டு பகுதிகளில் ஒவ்வொன்றிலும் பதினாறு வாரப் பாடத்தை ஐந்து வாரத்தில் நடத்துவார்கள். ஒரு நாள் வகுப்பு என்பது சாதாரண செமஸ்டரில் ஒரு வாரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. ஆர்கானிக்கில் ஒரு வினை ஏன் இப்படிப் போகிறது, எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று கையால் வரைந்து வரைந்துதான் பிடிபடும். அதற்கு இரவுகள் வேண்டும், நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேண்டும். முழுநேர மாணவர்களே அதில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன்.

நீ கணக்குக்காரி, இதைக் கணக்காகவே சொல்கிறேன். உன் ஃபைனான்ஸ் பட்டத்தில் 120 கிரெடிட், ஜி.பி.ஏ. (நாலுக்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி) 3.1. இனி எடுக்க வேண்டியவை பயாலஜி 8, ஜெனரல் கெமிஸ்ட்ரி 8, ஆர்கானிக் 8, பிசிக்ஸ் 8, பயோகெமிஸ்ட்ரி 3, மைக்ரோபயாலஜி 4. மொத்தம் 39 கிரெடிட். அத்தனையிலும் ஏ வாங்கினாலும் உன் மொத்த ஜி.பி.ஏ. 3.32-க்குத்தான் ஏறும். பழைய 120 அவ்வளவு கனம். ஆனால் விண்ணப்பத்தில் அறிவியல் பாடங்களின் சராசரியைத் தனியாகவும் கணக்கிடுகிறார்கள். அங்கே உனக்கு இருக்கும் பழைய கணக்கு, கணிதப் பாடங்களைச் சேர்க்காமல் பார்த்தால், முதல் வருஷம் பயாலஜியில் வாங்கிய ஒரு சி மட்டும்தான். 39 கிரெடிட்டிலும் ஏ வந்தால், அந்த சி-யையும் சேர்த்து 3.81. பாதி ஏ, பாதி பி என்றால் 3.36. உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்களா என்பதை நீ ஒரு வருஷம் முன்னால் போவதைவிட இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கும். பட்டம் வாங்கிப் பத்து வருஷம் கழித்து வருகிறவளிடம் அவர்கள் கேட்கப் போகிற முதல் கேள்வி, இப்போது அறிவியல் படிக்க முடியுமா என்பதுதானே? அதற்குப் பதில் இந்த 39 கிரெடிட்.

பயாலஜியைத் திரும்ப எடுத்தால் பழைய சி மறைந்துவிடும் என்று நீ ஓரத்தில் எழுதியிருந்தாய். மறையாது, கண்ணு. காலேஜ் உன் மதிப்பெண் பட்டியலில் மாற்றிக்கொள்ளலாம். டெக்சாஸ் டென்டல் ஸ்கூல்களுக்கான டி.எம்.டி.எஸ்.ஏ.எஸ். விண்ணப்பத்திலும், மற்ற மாநிலங்களுக்கான ஏ.ஏ.டி.எஸ்.ஏ.எஸ். விண்ணப்பத்திலும் இரண்டு முறை எடுத்ததும் சேரும். அப்படியிருந்தும் பயாலஜி முதல் பகுதியான 1406-ஐத் திரும்ப எடு. இத்தனை வருஷத்துக்கு முந்தைய பயாலஜியை வைத்துக்கொண்டு டி.ஏ.டி. எழுத முடியாது. எத்தனை வருஷம் வரை பழைய பாடத்தை ஏற்பார்கள் என்பதும் ஸ்கூலுக்கு ஸ்கூல் மாறும். அப்போது பாதியில் விட்ட கெமிஸ்ட்ரியைப் பற்றி அலட்டிக்கொள்ளாதே. பாதியில் விலகியதற்குப் போடும் டபிள்யூ சராசரியில் சேராது.

என் கணக்கு இது. 2026 ஆகஸ்டில் 1411 மட்டும். 2027 ஜனவரியில் 1412-உம் பயாலஜி 1406-உம். அந்தக் கோடையில் ஓய்வு, அல்லது மைக்ரோபயாலஜி. ஆகஸ்டில் ஆர்கானிக் முதல் பகுதியும் பயாலஜி 1407-உம். 2028 ஜனவரியில் ஆர்கானிக் இரண்டாம் பகுதியும் பிசிக்ஸ் 1401-உம். மே மாதம் விண்ணப்பம் திறக்கும். ஆர்கானிக் முடித்த சூடு ஆறுவதற்குள் டி.ஏ.டி. எழுதிவிடு. பயோகெமிஸ்ட்ரியும் பிசிக்ஸ் 1402-உம் அதற்கு அப்புறம் வரட்டும். விண்ணப்பிக்கும்போது எல்லாப் பாடமும் முடிந்திருக்க வேண்டியதில்லை, சேருவதற்குள் முடித்தால் போதும். 2029-இல் சேர்ந்தால் 2033-இல் டாக்டர். அப்போது உனக்கு 39. நீ படித்தாலும் படிக்காவிட்டாலும் 2033-இல் உனக்கு 39தான். வயதைப் பற்றி யாராவது பேசினால் என்னிடம் பேசச் சொல்.

பிசிக்ஸை ஏன் கடைசியில் தள்ளினேன் என்று கேட்பாய். டி.ஏ.டி.யில் பிசிக்ஸ் கிடையாது. அறிவியல் பகுதியில் 100 கேள்வி, 90 நிமிடம். பயாலஜி 40, ஜெனரல் கெமிஸ்ட்ரி 30, ஆர்கானிக் 30. ஸ்கூலில் சேர பிசிக்ஸ் தேவை, தேர்வுக்குத் தேவையில்லை. அதற்குப் பதிலாக வேறொரு பகுதி இருக்கிறது, நீ அதைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. மடித்த தாளில் ஓட்டை போட்டுப் பிரித்தால் எங்கெங்கே ஓட்டை இருக்கும், அடுக்கிய கனசதுரங்களில் எத்தனைக்கு இரண்டு பக்கம் வண்ணம் பூசியிருக்கும், நான்கு கோணங்களைச் சிறியதிலிருந்து பெரியதாக எப்படி அடுக்குவது என்கிற மாதிரி 90 கேள்வி, 60 நிமிடம். இது படித்து வருவதில்லை, பழகி வருவது. கடைசி இரண்டு மாதத்தில் உட்கார்ந்தால் கண்தான் வலிக்கும். ஆறு மாதம் முன்பிருந்தே தினமும் கொஞ்சம் போடு. மதிப்பெண் முறையும் மாறிவிட்டது. 2025 மார்ச்சிலிருந்து 200 முதல் 600 வரை தருகிறார்கள். பழைய புத்தகத்தில் 20, 22 என்று பார்த்துக் குழம்பாதே.

முதல் செமஸ்டரில் 1411 மட்டும் என்றதும் உனக்கு எரிச்சல் வரும், தெரியும். காரணம் கெமிஸ்ட்ரி இல்லை, கணக்கு. திரும்ப வருகிறவர்கள் 1411-இல் தடுக்கி விழுவது மோல் விகிதத்திலும், அலகு மாற்றுவதிலும். 1412-இல் பி.எச். வரும்போது லாகரிதம். உனக்கு எண் பயமில்லை. ஆனாலும் லாகரிதத்தைக் கையால் போட்டுப் பல வருஷம் ஆகியிருக்குமே? இந்த ஜூன், ஜூலையில் அடுக்குக்குறி எண்கள், விகிதம், லாகரிதம் மூன்றையும் தினமும் கொஞ்சம் போட்டுப் பார். நான் மதுரையில் பி.எஸ்சி. படித்தபோது தமிழ் மீடியத்திலிருந்து வந்த எங்களுக்கு முதல் வருஷம் இங்கிலீஷ்தான் கஷ்டமாக இருந்தது. கணக்கு கைவசம் இருந்ததால் தப்பித்தோம்.

எங்கே படிப்பது என்பதில் உன் யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு திருத்தத்தோடு. ஜெனரல் கெமிஸ்ட்ரி, பயாலஜி, பிசிக்ஸ் எல்லாம் ஹியூஸ்டன் கம்யூனிட்டி காலேஜில் எடு. கட்டணம் குறைவு, மாலை வகுப்பும் கிடைக்கும். ஆர்கானிக்கை முடிந்தால் யூனிவர்சிட்டி ஆஃப் ஹியூஸ்டனில் எடு. பயோகெமிஸ்ட்ரி எப்படியும் அங்கேதான். அது மேல்நிலைப் பாடம், கம்யூனிட்டி காலேஜில் நடத்தமாட்டார்கள். நாலு வருஷப் பல்கலைக்கழகத்திலும் ஏ வாங்கினாய் என்று காட்டுவது நல்லது. லேப் எதையும் ஆன்லைனில் எடுக்காதே. சில ஸ்கூல்கள் ஏற்காது. தவிர, கையால் வேலை செய்யும் தொழிலுக்குப் போகிறவள் பைப்பெட்டைக் கையில் பிடித்தே பழக வேண்டும். பட்டம் முடித்தவள் பட்டத்துக்குச் சேராமல் தனிப் பாடம் எடுத்தால் பல இடங்களில் பதிவு வரிசையில் கடைசியாகத்தான் விடுவார்கள். எந்த வகை மாணவியாகச் சேர்ந்தால் முன்னால் பதிவு செய்யலாம் என்று சேரும்போதே கேள்.

அப்பாவுக்குப் பணக்கவலை. அவரிடம் நான் சொன்னதையே உனக்கும் சொல்கிறேன். வேலையை விடாதே, குறைந்தது ஆர்கானிக் முதல் பகுதி முடியும் வரை. உன் கம்பெனியில் படிப்பு உதவித் திட்டம் இருக்கிறதா என்று எச்.ஆரில் விசாரி. வருஷத்துக்கு 5,250 டாலர் வரை அப்படிக் கொடுத்தால் உனக்கு வருமான வரி கிடையாது. வரி உனக்குத் தெரிந்த விஷயம். பாடம் உன் வேலையோடு சம்பந்தப்பட்டிருக்க வேண்டும் என்று வரிச் சட்டம் கேட்பதில்லை, கம்பெனி கேட்கலாம். டென்டல் ஸ்கூலுக்கு என்று வரும்போது கடன் விதிகளும் மாறியிருக்கும். 2025-இல் வந்த சட்டப்படி, 2026 ஜூலையிலிருந்து புதிதாகக் கடன் வாங்குகிறவர்களுக்கு கிராட் பிளஸ் என்கிற மேற்படிப்புக்கான ஃபெடரல் கடன் இல்லை. தொழிற்படிப்புக்கு ஃபெடரல் கடன் வருஷத்துக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர், அதோடு சரி. மீதியைத் தனியார் வங்கியில் அதிக வட்டிக்குத் தேட வேண்டி வரும். அதனால்தான் டெக்சாஸை விட்டு வெளியே போகாதே என்கிறேன். இங்கே ஹியூஸ்டன், டல்லாஸ், சான் அன்டோனியோ, எல் பாசோ நான்கிலும் அரசுப் பல்கலைக்கழகங்களின் டென்டல் ஸ்கூல் இருக்கிறது. டெக்சாஸ்வாசிக்குக் கட்டணம் கணிசமாகக் குறைவு, இடங்களில் பெரும்பங்கும் அவர்களுக்கே. இடையில் வேலை மாற்றல் என்று டென்வருக்கோ சிகாகோவுக்கோ போய்விடாதே.

இன்னொன்று. பாடத்துக்கு முன்னால் கிளினிக். ஒரு பல் மருத்துவர் பக்கத்தில் நின்று பார்ப்பதை விண்ணப்பத்துக்கான மணிக் கணக்காக மட்டும் நினைக்காதே. 1411-க்குப் பணம் கட்டுவதற்கு முன்பே சில சனிக்கிழமைகள் போய் நில். கழுத்து வலிக்க நாள் முழுக்கக் குனிந்திருப்பதை, பயந்து வாயே திறக்காத குழந்தையை, பல்லை எடுக்கத்தான் காசு இருக்கிறது என்று காப்பாற்றக்கூடிய பல்லை எடுக்கச் சொல்கிறவரை, எல்லாம் பார். அப்புறமும் இதுதான் வேண்டும் என்று தோன்றினால் ஆர்கானிக்கின் நடுவில் வரும் மோசமான வாரங்களைத் தாண்டிவிடுவாய். தோன்றாவிட்டால் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை, உனக்கும் வேண்டாம்.

சிபாரிசுக் கடிதம் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். பழைய பேராசிரியர்களைத் தேடி அலையாதே. அறிவியல் பேராசிரியர்களிடமிருந்து வருவதைத்தான் பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். பயாலஜியிலும் ஆர்கானிக்கிலும் முன் வரிசையில் உட்கார், அவர்களின் அலுவலக நேரத்தில் போய்க் கேள்வி கேள். வயது கூடின மாணவிகளைப் பேராசிரியர்கள் மறப்பதில்லை, எங்கள் டிபார்ட்மென்டில் இதைத் தினமும் பார்க்கிறேன்.

உன் பழைய மதிப்பெண் பட்டியலை எனக்கு ஒரு பிரதி அனுப்பு. பள்ளியில் படிக்கும்போதே காலேஜில் எடுத்த அந்த ஒரு பாடத்தின் பட்டியலையும் வாங்கி வை, படித்த எல்லா இடத்திலிருந்தும் கேட்பார்கள். பதிவு திறக்கும் அன்றைக்கே 1411-இன் மாலை லேப் பிரிவைப் பிடித்துவிடு. அதுதான் முதலில் நிரம்பும்.

அன்புடன்,
அம்மா