ஊசி மாற்றுவது குறித்துத் தோழிக்கு ஒரு கடிதம்

தக்கலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மழை ஓய்ந்து குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டு மறுபடியும் தொடங்கிவிட்டதை அறிந்து மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். சர்க்கரை பார்க்கும்போது விரலில் குத்தும் லான்செட்டை ஒவ்வொரு முறையும் மாற்றத்தான் வேண்டுமா, உனக்கும் அண்ணனுக்கும் மாமிக்கும் லான்செட்டைப் பொருத்திக் குத்தும் பேனா ஒன்றே போதாதா என்று கேட்டிருந்தாய். ஒரே மூச்சில் நீ கேட்டிருந்தாலும் இவை இரண்டு கேள்விகள். முதலாவதில் ஓரளவு விட்டுக்கொடுப்பேன்; இரண்டாவதில் ஒருபோதும் மாட்டேன்.

பெட்டியிலிருந்து எடுத்து மூடியைத் திருகும் வரை லான்செட்டின் முனையில் கிருமி கிடையாது; ஒரு தடவை குத்திய பிறகு அந்த உறுதி போய்விடுகிறது. அத்தனை மெல்லிய எஃகு முனை ஒரு குத்திலேயே மழுங்கத் தொடங்கும். பலமுறை பயன்படுத்திய முனையை உருப்பெருக்கியில் பார்த்தால் வளைந்து நிற்பது தெரியும். அது தோலைத் துளைப்பதற்குப் பதிலாகக் கிழிப்பதால்தான் வலி கூடுகிறது. வலிக்குப் பயந்து சர்க்கரை பார்ப்பதையே தள்ளிப்போட்டவர்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலருக்குப் புதிய லான்செட்டே போதுமான மருந்தாக இருந்தது. அதே நேரத்தில் உண்மையையும் சொல்ல வேண்டும்: தம் விரலில் தம் லான்செட்டையே மறுபடி பயன்படுத்துவோர் உலகமெங்கும் ஏராளம்; அதனால் விரலில் சீழ் வைப்பது அரிதாகவே நடக்கிறது. ஆகவே கடை பூட்டியிருந்த ஒரு நாளில் நேற்றைய லான்செட்டால் நீ உன் விரலையே குத்தினாய் என்றால் அதற்காக நான் உன்னைக் கடிந்துகொள்ள மாட்டேன். ஆனால் அதை வழக்கமாக்கிக்கொள்ளாதே. இரத்தத்துளியை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப் ஒன்றின் விலைக்குப் பல லான்செட்டுகள் வாங்கலாம். ஸ்ட்ரிப்பை வாங்கிவிட்டு லான்செட்டில் மிச்சம் பிடிப்பதில் பொருளே இல்லை. ஸ்பிரிட்டில் துடைப்பதும் விளக்கில் காட்டுவதும் அதைப் புதிதாக்கிவிடாது. முனையின் மேலிருக்கும் வழுவழுப்பான பூச்சுதான் போகும்.

சென்ற முறை உன் வீட்டுக்கு வந்தபோது அலமாரியில் இருந்த பேனாவின் மூடியைக் கழற்றிப் பார்த்தேன். உள்விளிம்பில், ஊசி வெளிவரும் துளையைச் சுற்றி, கடுகளவு பழுப்புப் புள்ளிகள் இரண்டு காய்ந்து ஒட்டியிருந்தன. அது யாருடைய இரத்தம் என்று உங்களில் எவராலும் சொல்ல முடியாது. லான்செட்டை மாற்றினாலும் பேனா அதேதான். அடுத்தவர் விரல் அந்தத் துளையின் மேல்தான் பதிகிறது. கல்லீரலைத் தாக்கிக் காமாலை உண்டாக்கும் ஹெப்படைட்டிஸ் பி கிருமி உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்திலும்கூட, குறைந்தது 7 நாட்கள் உயிரோடிருக்கும். அதைச் சுமப்பவருக்கு ஆண்டுக்கணக்கில் எந்த அறிகுறியும் இல்லாமல் இருக்கலாம். அமெரிக்காவில் முதியோர் இல்லங்களில் ஒரே குத்தும் கருவியைப் பலருக்குப் பயன்படுத்தியதால் இந்தக் காமாலை பரவியது; அதன் பிறகு 2010இல் அந்நாட்டுச் சுகாதாரத் துறையினர், விரல் குத்தும் கருவியை ஒருவருக்கு மேல் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார்கள். ஒரே குடும்பம், ஒரே சோறு என்பதெல்லாம் இரத்தத்துக்குப் பொருந்தாது. மூவருக்கும் மூன்று பேனா வாங்கி, ஒவ்வொன்றிலும் பெயரை எழுதி ஒட்டி வை. சர்க்கரை அளவு காட்டும் மீட்டர் ஒன்றே போதும். ஆனால் ஒவ்வொருவருக்குப் பின்னும் அதைக் கிருமிநாசினியால் துடைத்து வைக்க வேண்டும்.

மாமி போட்டுக்கொள்ளும் இன்சுலின் ஊசியைப் பற்றி நீ கேட்கவில்லை. என் கவலையெல்லாம் அதில்தான். அது ஒரு தடவைக்கு மட்டுமே. போட்ட பிறகு ஊசியை இன்சுலின் பேனாவிலேயே விட்டுவைத்தால் மருந்து கசியும், உள்ளே காற்று புகும். அடுத்த தடவை அளவு பிசகும். மழுங்கிய ஊசியால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தும்போது தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு தடித்துவிடும். அந்த இடத்தில் வலி குறைவாக இருப்பதால் வயதானவர்கள் அதையே தேடிப் போடுவார்கள். அங்கே போடும் இன்சுலின் ஒருநாள் மெதுவாகவும் ஒருநாள் வேகமாகவும் இரத்தத்தில் கலக்கும். சர்க்கரை இறங்கவில்லை என்று அளவைக் கூட்டுவார்கள். பிறகு என்றாவது நல்ல இடத்தில் அதே அளவைப் போட்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயக்கம் வரும். மாமியைப் படுக்கவைத்து, தொப்புளின் இரு பக்கமும் விரல்நுனியால் மெதுவாகத் தடவிப் பார். எங்காவது தடிப்பு தட்டுப்பட்டால் அங்கே போடுவதை நிறுத்த வேண்டும்; ஆனால் இடம் மாற்றும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடு, அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

குத்துவதிலும் சில முறைகள் உண்டு. விரலின் நடுச்சதையை விட்டு ஓரத்தில் குத்தினால் வலி குறையும். வருடக்கணக்கில் பால் வெட்டிய அண்ணனின் கைக்குக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் காய்த்துப் போயிருக்கும். மோதிரவிரலின் ஓரத்தில் குத்தி, தேவைப்பட்டால் பேனாவின் ஆழத்தை ஓரெண் கூட்டிக்கொள்ளட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்காமல் பார்க்கவே கூடாது. மட்டிப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே அளவை வெகுவாகக் கூட்டிக் காட்டிவிடும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் என்னவாகும் என்று உனக்கே தெரியும்.

பயன்படுத்திய ஊசிகளை ரப்பர் மரத்தின் மூட்டில் வீசுவதாக எழுதியிருந்தாய். தோழி, அதை இன்றே நிறுத்து. விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு உன் தோட்டத்துக்குள் நடப்பவர்களின் கால்கள் அங்கேதான் படுகின்றன. வீட்டிலிருந்து வரும் பழைய ஊசிகளை 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் வீட்டு அபாயக் கழிவு என்றே வகைப்படுத்தின. தரை கழுவும் மருந்து வந்த கெட்டியான பிளாஸ்டிக் புட்டி ஒன்றில் போட்டு வை. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை இறுக்கி ஒட்டி, ஊசிகள் என்று எழுதி, மற்றக் குப்பையோடு கலக்காமல் தனியாகச் சொல்லி ஒப்படை.

ஞாயிற்றுக்கிழமை என் மகன் திற்பரப்புக்கு வருகிறான். இரண்டு புதிய பேனாக்களையும் ஒரு பெட்டி லான்செட்டையும் அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். பழைய பேனாவைக் கழித்துவிட்டு இவற்றை எடுத்துக்கொள், மூன்றாவதை அங்கேயே வாங்கிவிடு. நீங்கள் மூவரும் ஹெப்படைட்டிஸ் பிக்கான இரத்தப் பரிசோதனையும் ஒருமுறை செய்துவிடுங்கள். மாமியின் வயிற்றில் தடிப்பு இருக்கிறதா என்பதை மட்டும் கடிதத்துக்குக் காத்திருக்காமல் போனிலேயே சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழி