மணியைச் சொல்கிறீர்கள், பிழையளவையும் சொல்லுங்கள்

எங்களுக்கு எச்சரிக்கை அனுப்பும் விண்வெளி வானிலை மையத்தாருக்கு,

வணக்கம். போன வாரத்து ஜி3 எச்சரிக்கை (ஐந்து படிகளில் மூன்றாவது) உங்களுக்கே நினைவிருக்கும், அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மாலை 6 மணிக்குப் புவிகாந்தப் புயல், அதாவது சூரியனிலிருந்து வரும் மின்னேற்ற வாயு மேகம் பூமியின் காந்தப்புலத்தைக் கலக்கிவிடும் என்றீர்கள். வரவில்லை. வரவில்லை என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவுமில்லை. மறுநாள் பார்த்தால் எச்சரிக்கையே காணோம்.

நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் சிற்றலை வானொலியில் செய்தி கடத்துவோம். இந்தப் புயல் வந்தால் அந்தச் சிற்றலையே கெட்டுப்போகும். உங்கள் 6 மணியை நம்பி, பல நாள் பேசி ஏற்பாடு செய்த பேரிடர் ஒத்திகையைத் தள்ளிவைத்துவிட்டு, ராத்திரி முழுக்க சூரியக் காற்று வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் காற்றின் காந்தப்புலம் வடக்கே பார்க்கிறதா தெற்கேயா என்று காட்டும் பி-இசட் கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே, அதாவது தெற்கு நோக்கி, இறங்கினால்தான் புயல் வலுக்கும். அது மேலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தது. காந்தக் கலக்கத்தை 0 முதல் 9 வரை அளக்கும் கேபி எண் 3-ஐத் தாண்டவில்லை. விடிந்த பிறகு அந்த வாயு மேகம் வந்தது, லேசாக உரசிவிட்டுப் போய்விட்டது. வேலைக்கு லீவு போட்டு வந்தவர்களை மறுபடி எந்த முகத்தோடு கூப்பிடுவது?

கணிப்பது கஷ்டம் என்று எங்களுக்கும் தெரியும். சூரியனிலிருந்து கிளம்பும் அந்த மின்னேற்ற வாயு (பிளாஸ்மா) மேகத்தின் வேகத்தைப் படத்தில் அளக்கலாம், ஆனால் அதற்குள் இருக்கும் காந்தப்புலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி எல்1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலத்தை அது தொடும்போதுதான் தெரியும். அதற்கப்புறம் கையில் இருப்பது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. வந்துசேரும் நேரக் கணிப்பிலேயே சராசரியாகப் பத்து மணி நேரம் முன்பின் ஆகிறது. இவ்வளவும் உங்களுக்குத் தெரிந்திருந்தும் ‘6 மணி’ என்று எதற்கு அச்சடிக்கிறீர்கள்? ‘மதியம் முதல் மறுநாள் காலை வரை எப்போது வேண்டுமானாலும், பி-இசட் இன்னும் தெரியாது’ என்று போட்டால் யார் அடிக்கப்போகிறார்கள்?

தீச்சுடர், அதாவது சூரியனில் திடீரென நடக்கும் வெடிப்பு, விஷயத்தில் உங்களைக் குறை சொல்லமாட்டோம். அதன் எக்ஸ்-கதிர் எட்டு நிமிடத்தில் வந்துவிடும், நீங்கள் பார்க்கும்போதே பகல் பக்கத்துச் சிற்றலை செத்திருக்கும். 2017 செப்டம்பர் 6-ல் மிகக் கடுமையான எக்ஸ் வகையைச் சேர்ந்த எக்ஸ்9.3 தீச்சுடர் வெடித்தபோது கரீபியத் தீவுகள் இர்மா சூறாவளியில் சிக்கியிருந்தன, மீட்புக்கு உதவிய ரேடியோ இணைப்புகளும் அடிவாங்கின. அந்த மாதிரி நேரத்தில் எந்த அலைவரிசை எப்போது திரும்பும் என்ற உத்தேசமாவது வேண்டாமா? சின்னப் புவிகாந்தப் புயல்தானே என்று விடவும் முடியாது: 2022 பிப்ரவரியில் ஸ்டார்லிங்க் அப்போதுதான் ஏவியிருந்த 49 செயற்கைக்கோள்களில் 40 வரை போனது ஒன்றும் பெரிய புயலால் அல்ல.

ஆனால் உங்கள் பத்திரிகைக் குறிப்புகளுக்கு மட்டும் குறைவே இல்லை. செக்கச் சிவந்த சூரியன் படம், கூடவே தவறாமல் 1859 கேரிங்டன் புயல், தந்திக் கம்பிகளையே கெடுத்த அந்தப் பெரும் புவிகாந்தப் புயல். அதை எடுத்து ஊடகங்கள் ‘இணையம் அழியப்போகிறது’ என்று ஓட்டுகின்றன, நீங்களும் மறுப்பதில்லை. பேசாமல் ஜோசியம் என்றே தனியாக ஒரு பிரிவு திறந்துவிடலாம்.

சரி, கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகவே எழுதிவிட்டேன். கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு எச்சரிக்கையிலும் பிழையளவைச் சேர்த்துப் போடுங்கள், பொய்த்தால், ஏன் பொய்த்தது என்று அதே பக்கத்தில் எழுதி வையுங்கள், அழிக்காதீர்கள். தள்ளிவைத்த ஒத்திகைக்குத் தேதி குறிக்க வேண்டும், அதற்குள் ஒரு பதில் கிடைத்தால் பேருதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு ஹாம் ரேடியோ தன்னார்வலர்