தோட்டா சொல்லும் காலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் பிறந்துவிட்டால் மதுரை, சிவகங்கை வட்டாரத்துப் பள்ளி மேடைகளில் மருதுபாண்டியர் நாடகம் தவறாமல் நடக்கிறது. மகிழ்ச்சியான விஷயம். ஆனால் ஆங்கிலேயத் தளபதி கர்னல் அக்னியூ வேடம் போட்ட மாணவர் இடுப்பிலிருந்து ஆறு குண்டு ரிவால்வரை உருவுகிறார். அவர் வார்ப்பட்டையில் பித்தளைத் தோட்டாக்கள் வரிசையாக மின்னுகின்றன. பத்திரிகைச் சிறப்புப் பக்கங்களின் ஓவியங்களிலும் இதே பிழையைப் பார்க்க முடிகிறது. வரப்போகும் மலரிலாவது இது திருத்தப்பட வேண்டும் என்பதால் சில விவரங்களை எழுதுகிறேன்.

மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்ட நாள் 1801 அக்டோபர் 24. அன்று இரு தரப்பிலும் இருந்தவை குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டித்து, திரியாலோ சக்கிமுக்கிக் கல்லாலோ பற்றவைக்கும் துப்பாக்கிகள். அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைக் கொண்டு துப்பாக்கியைப் பற்றவைக்க, ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சித் காப்புரிமை வாங்கியதே 1807-ல்தான். அந்த ரசாயனத்தைச் சிறு செம்புத் தொப்பியில் அடைத்த கேப்பு பரவலானது 1820-களில். சாமுவேல் கோல்ட் தமது சுழல் உருளைக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றது 1836-ல். ஆகவே காளையார்கோவில் போர்க் காட்சியில் ரிவால்வருக்கு இடமே இல்லை.

1857 கிளர்ச்சிக் காட்சியில் ரிவால்வர் வரலாம். ஆங்கிலேய அதிகாரிகள் பலர் கோல்ட், ஆடம்ஸ் ரிவால்வர்களைச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருந்தார்கள். அங்கே பிழை தோட்டாவில் வருகிறது. அந்த ரிவால்வர்களில் பித்தளைத் தோட்டாவைப் போட வழியே கிடையாது. உருளையின் பின்பக்கம் மூடியிருக்கும். ஒவ்வோர் அறைக்கும் பின்னால், நடுவில் மெல்லிய துளை கொண்ட நிப்பிள் ஒன்று மட்டும் இருக்கும். அதன் தலையில்தான் கேப்பு உட்காரும்.

கோல்ட் ரிவால்வரைக் கெட்டிக்கும் முறை இதுதான். குதிரையை, அதாவது கேப்பின்மேல் அடிக்கும் சுத்தியலை, பாதி இழுத்து நிறுத்தினால் உருளை கையால் சுழலும். அறையின் முன்வாய் வழியாக அளந்த கருமருந்தைக் கொட்ட வேண்டும். .36 அங்குல கோல்ட் நேவிக்கு 20 முதல் 25 கிரெயின், கிட்டத்தட்ட ஒன்றரை கிராம். அதன்மேல் ஈயக் குண்டு. குண்டு அறையைவிட மயிரளவு பெரிதாக இருக்க வேண்டும். குழலுக்கடியில் உள்ள நெம்புகோலால் அதை அழுத்தும்போது விளிம்பிலிருந்து மெல்லிய ஈய வளையம் சீவப்பட்டு விழும். வளையம் முழுதாக விழுந்தால் அறை நன்றாக அடைபட்டது என்று பொருள். குண்டின்மேல் கொழுப்போ தேன்மெழுகோ பூசுவார்கள். கேப்பு கடைசியில்தான் ஏறும். முதலில் ஏற்றிவிட்டுக் குண்டை அழுத்தினால் கையிலேயே வெடிக்கும் ஆபத்து உண்டு.

குண்டு சிறுத்து இடைவெளி இருந்தால் ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குத் தாவி, இரண்டு மூன்று அறைகள் ஒருசேர வெடிக்கும். கேப்பு தளர்வாக இருந்தால் இதே விபத்து பின்பக்கமாக நேரும். வெடித்த கேப்பின் செம்புச் சில்லு குதிரைக்கு முன்னால் விழுந்து உருளையைச் சிக்கவைப்பதும் வழக்கம். அதனால்தான் துப்பாக்கியின் குழல்வாயை மேலே தூக்கியபடி குதிரையை இழுப்பார்கள், சில்லு வெளியே விழட்டும் என்று. சித்திரை வெயிலில் வெறும் கொழுப்பு உருகி மருந்துக்குள் இறங்கினால் அந்த அறை வெடிக்காமல் போகும். மெழுகு சேர்த்தது ஓரளவு தாங்கும். மருந்தின் அளவும் சாதாரண விஷயமில்லை. 1847-ல் வந்த வாக்கர் ரிவால்வரின் அறை 60 கிரெயின் வரை கொண்டது. உருளைகள் பல பிளந்துபோகவே, அடுத்து வந்த டிரகூன் வகையில் அறையைச் சிறிதாக்கினார்கள்.

குதிரைமேல் இருப்பவன் மருந்தை அளந்து கொட்டிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே மருந்தையும் குண்டையும் ஒன்றாகக் கட்டிய பொட்டலங்கள் வந்தன. முதலில் ஈயத்தகடு போன்ற மெல்லிய வெள்ளீயத் தாள் உறை. ஈரம் ஏறாது, ஆனால் எரியாத தாள் அறைக்குள் தங்கிவிடும். பிறகு வெடியுப்புக் கரைசலில் தோய்த்து உலர்த்திய காகித உறை. கேப்பின் பொறி அதைத் துளைத்து மருந்தைத் தொடும், உறையும் சேர்ந்தே எரியும். இதன் குறை, லேசாக அழுத்தினாலே கிழிந்துவிடும். லண்டனின் ஈலி நிறுவனம் விலங்குக் குடல் தோலால் உறை செய்தது. அது ஈரத்தையும் உரசலையும் தாங்கியது. நாடாவை இழுத்து வெளிக் காகிதத்தைக் கழற்றிவிட்டு அப்படியே அறைக்குள் செருக வேண்டும். பல்லால் கடித்து மருந்தைக் கொட்டியது என்ஃபீல்டு ரைஃபிளின் தோட்டா. 1857-ல் கொந்தளிப்புக்குக் காரணமான கொழுப்புத் தடவிய தோட்டாவும் அதுவே. மேடையில் ரிவால்வர் தோட்டாவைக் கடிக்கவைப்பது இரண்டையும் குழப்புவதாகும்.

உலோகத் தோட்டாவைப் பின்னாலிருந்து செருகும்படி முழுதும் துளைத்த உருளைக்கு ரோலின் ஒயிட் 1855-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதைக் கையில் வைத்திருந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1857-ல் செய்தது சிறிய .22 ரிவால்வர். 1869 வரை அந்தக் காப்புரிமை மற்ற அமெரிக்கக் கம்பெனிகளைக் கட்டிப்போட்டது. பிரிட்டிஷ் ராணுவம் தன் பியூமாண்ட்-ஆடம்ஸ் ரிவால்வர்களை .450 உலோகத் தோட்டாவுக்கு மாற்றத் தொடங்கியது 1868-ல். எனவே வெள்ளைக்கார அதிகாரியின் வாரில் ரிவால்வருக்கான பித்தளைத் தோட்டாவைத் தொங்கவிட விரும்புவோர் அதற்குப் பிந்தைய கதையை எடுத்துக்கொள்ளட்டும். வாஞ்சிநாதன் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்டது ரிவால்வரால்கூட அல்ல, பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கியால்.

மேடைப் பொருள் செய்பவர்களுக்குச் செலவு ஒன்றும் கூடிவிடாது. 1857 அதிகாரியின் இடுப்பில் தோட்டா வாருக்குப் பதில் செம்பு நிற மருந்துக் குப்பி, கேப்பு வைக்கும் சிறு தோல் பை, காகிதப் பொட்டலம் இருந்தால் போதும். அட்டையிலேயே செய்துவிடலாம்.

இன்னொன்று முக்கியம். பழைய வீட்டைப் பிரிக்கும்போது பரணிலிருந்து இத்தகைய ரிவால்வரோ நாட்டுத் துப்பாக்கியோ கிடைத்தால் காலியானது என்று எண்ணிவிடாதீர்கள். உலர்ந்த கருமருந்து நூறாண்டு கடந்தும் வெடிக்கும். அறையின் வாயில் மண்போலத் தெரிவது பழைய குண்டாகவே இருக்கலாம். மண்ணெண்ணெய் ஊற்றுவதாலோ தண்ணீர் தெளிப்பதாலோ மருந்து செத்துவிட்டது என்று நம்ப முடியாது. நிப்பிளில் பச்சை பூத்த கேப்பு ஒட்டியிருந்தால் அதை நெம்பவோ தட்டவோ கூடாது. குதிரையைத் தொடாமல், குழல்வாய்க்கு முன்னால் யாரும் நிற்காமல், பொருளை அந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
பசுமலை, மதுரை.