சேவல் சின்னத்தை மறந்துவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

ஜெயலலிதா பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, 1965-ல் 'வெண்ணிற ஆடை'யில் தொடங்கி, எம்.ஜி.ஆருடன் நடித்த 28 படங்களைச் சொல்லிவிட்டு, ஒரே தாவலில் 1991-ல் கோட்டைக்குப் போய்விட்டது. திரையில் ஜோடி, அதனால் கட்சிக்கும் வாரிசு என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

1982-ல் அ.தி.மு.க.வில் சேர்ந்தவருக்கு எம்.ஜி.ஆர். கொடுத்தது 1983-ல் கொள்கை பரப்புச் செயலாளர் பொறுப்பு, மறு ஆண்டு மாநிலங்களவை இடம். அமைச்சராக்கவில்லை, வாரிசு என்று அறிவிக்கவும் இல்லை. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். மறைந்ததும் எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் அவர் மனைவி வி.என்.ஜானகி பக்கம்தான் போனார்கள். ஜானகி முதல்வரான அந்த ஆட்சி 24 நாளில் கலைக்கப்பட்டது.

கட்சி உடைந்தால் சின்னம் யாருக்கு என்பதை 1968-ம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-வது பத்தியின்படி தேர்தல் ஆணையம் தீர்மானிக்கும். வழக்கு முடியுமுன் தேர்தல் வந்துவிட்டால் சின்னத்தை முடக்கி, இரு அணிக்கும் வேறு சின்னம் கொடுப்பார்கள். 1989 ஜனவரித் தேர்தலில் கட்சியின் இரட்டை இலை இப்படி முடங்கி, ஜெயலலிதா அணிக்குச் சேவல், ஜானகி அணிக்கு இரட்டைப் புறா. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தல் தொடங்கி இரட்டை இலையைத் தேடி முத்திரை குத்திப் பழகிய கைகள் அவை. கட்சிப் பெயரைப் படித்து ஓட்டுப் போடாத கிராமங்களில் சின்னம் மாறினால் பாதி வேலை அங்கேயே கெட்டுவிடும். சுவரில் இலையை அழித்துவிட்டுச் சேவலை வரைய வேண்டும். இரண்டு விரலைக் காட்டி ஓட்டுக் கேட்கவும் முடியாது. (அதற்குப் புறாதான் தோது!)

ஆனாலும் சேவலுக்கு 27 இடம், சுமார் 21 சதவீத வாக்கு. புறாவுக்கு இரண்டே இடம், சுமார் 9 சதவீதம். எம்.ஜி.ஆர். தொகுதியான ஆண்டிபட்டியிலேயே ஜானகி தோற்றார்; போடிநாயக்கனூரில் வென்ற ஜெயலலிதா, தமிழகத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். ஓட்டுப் பிரிந்ததில் தி.மு.க. 13 ஆண்டுக்குப் பின் ஆட்சிக்கு வந்தது என்பது வேறு விஷயம்.

தொண்டர் யார் பக்கம் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிந்துவிட்டது. ஜானகி ஒதுங்கிக்கொள்ள, அணிகள் இணைந்தன, முடக்கிய சின்னமும் திரும்பியது. தள்ளிவைக்கப்பட்டிருந்த மருங்காபுரி, மதுரை கிழக்குத் தேர்தல்கள் மார்ச்சில் நடந்தபோது இரண்டிலும் இரட்டை இலையே வென்றது. 1991-க்குப் போகுமுன் இந்த இரண்டு மாதங்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கியிருக்கலாம்.

- வாசகர், மதுரை