குமரி மாவட்டத்து வஸ்து புரோக்கர் அண்ணன்மாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாரே, வஸ்து, அதாவது நெலம், பாக்க வாரவங்கள கூட்டிட்டுப் போய் முதல்ல நீங்க காட்டுதது ஊரோட அழகத்தான். கோதையாறுன்னா ஆறு, கடையால் அருமனைன்னா ரப்பர், ஆரல்வாய்மொழின்னா கரண்டு எடுக்குத காத்தாடியும் மலையும். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆனா சர்வே நம்பர் கேட்டா மட்டும் "வெல பேசி முடிப்போம், பொறவு தாரேன்"னு சொல்லுதிய பாருங்க, அங்கதான் எனக்குப் பிரச்சனை.

நம்பரும் சப்டிவிஷனும் கிட்டிச்சுன்னா பட்டா, எஃப்எம்பி (நில அளவு வரைபடம்), வில்லங்கம் எல்லாத்தயும் ஃபோன்லயே பாத்துருவோம், உங்க பெட்ரோலும் மிச்சம். இப்ப ஒரு ரப்பர் விளை காட்டுனாங்க, மரத்துக்கெல்லாம் மழைக்கு பிளாஸ்டிக் பாவாடை கட்டி, செரட்டையில பால் வடிஞ்சிட்டு இருக்கு, வெலையும் பரவால்ல, அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு போயாச்சு. பொறவு நம்பர வாங்கிப் பாத்தா தனியார் காடு லிஸ்ட்ல கெடக்கு! 1949 தனியார் காடு பாதுகாப்புச் சட்டப்படி, அதுக்குன்னு உள்ள சர்க்கார் கமிட்டி அனுமதி இல்லாம அத விக்கவே முடியாது. (பாட்டன் காலத்துல இருந்து ரப்பர் வெட்டுத விளை, பேருக்குக்கூட ஒரு காட்டு மரம் கெடயாது, அது வேற கத.) புரோக்கருக்கு இது தெரியாதுன்னு நான் நம்பணுமாம்.

அளவும் அப்படித்தான். 25 சென்ட்டுன்னு சொல்லுவிய, பட்டால 9.50 ஏர்ஸ்னு இருக்கும், ஒரு ஏர்ஸுக்கு 2.47 சென்ட்டுன்னு போட்டா இருபத்துமூணரைதான் வருது. ஜீப் போவும்னு சொன்ன வழி எஃப்எம்பில இருக்காது, பிரமாணத்துலயும் (கிரயப் பத்திரம்) இருக்காது, கேட்டா பக்கத்து வஸ்துக்காரரு நல்ல மனுஷன்ங்கிய. அவரு மவனும் நல்லவனா இருக்கணும்லா? பத்திரத்தாள்ல எழுதி பதிவு செய்யாத ஒற்றி வில்லங்கத்துல வரவே வராது, அத நீங்கதான் வாயத் தொறந்து சொல்லணும்.

நம்பர தந்தா நேரா ஓனர்ட்ட போய் முடிச்சிருவோம்னு பயப்படுதிய. நியாயந்தான், அப்படி செய்யுதவனும் இருக்கான். அதனால கமிஷன் எவ்வளவுன்னு முதல்லயே ஒரு தாள்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருவோம், நம்பர பொறவு தாங்க. முத்திரை 7, பதிவுக் கட்டணம் 2னு நூத்துக்கு ஒம்பது ரூவா சர்க்காருக்குக் குடுக்கவன் உங்க கமிஷன்ல வந்து பிடிக்கப் போறதில்ல.

எனக்கு தக்கலை, திருவட்டார் பக்கம் 30 சென்ட்டுக்குள்ள ஒரு புரையிடம் (வீடு வைக்குத மேட்டு நெலம்) வேணும், ஏலா, அதாவது வயல, மண்ணு போட்டு நிகத்துனது வேண்டாம், வழி பிரமாணத்துலயே எழுதியிருக்கணும். இருந்தா நம்பரோட வாங்க.