பெட்டி டீ குடிக்காது

காலடிப்பேட்டை

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது சீரியலில் வில்லி கட்டியிருக்கும் புடவையின் பார்டர் வரை சொல்கிறாள். நீ கோயம்புத்தூர் குளிரைப் பற்றி எழுதியதைப் படித்துக் காட்டினேன், "அவனுக்கென்ன, கொடுத்துவைத்தவன்" என்றாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரிட்டயர் ஆன பணத்தில் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் துறைமுக ரோட்டில் கடை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறாய். புரோக்கர் அனுப்பிய வீடியோவையும் பார்த்தேன். கப்பல், கிரேன், பின்னால் சூரிய உதயம், நடுவில் கண்ணாடிக் கட்டடம். கட்டடம் வரப்போகிற இடத்தில் இன்றைக்குச் சீமைக் கருவேலம்தான் நிற்கிறது. அது பரவாயில்லை, வெட்டிவிடலாம். "சென்னையின் நுழைவாயில், கன்டெய்னர் வருது, காசு வருது" என்று பேசுகிறானே, அதில்தான் எனக்குச் சங்கடம்.

கன்டெய்னர் வருவது நிஜம். 2001இல் எண்ணூர் துறைமுகம் திறந்தபோது அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதுதான் அதன் வேலை. இன்றைக்கு அது காமராஜர் துறைமுகம். காரும் கப்பலேறுகிறது, கன்டெய்னரும் வருகிறது. அதை ஒட்டியே காட்டுப்பள்ளியில் தனியார் துறைமுகம். வண்டலூரில் தொடங்கும் வெளிவட்டச் சாலை 62 கிலோமீட்டர் ஓடி மீஞ்சூரில்தான் முடிகிறது. எண்ணூரிலிருந்து பூஞ்சேரி வரை 130 கிலோமீட்டருக்கு மேல் எல்லைச் சாலை என்று இன்னொன்றும் போடுகிறார்கள். ஊர் வளர்கிறது, அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் கன்டெய்னர் பெட்டி டீ குடிக்காது, சேகர். தம்புச் செட்டித் தெருவில் கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் காலம் தள்ளியவன் சொல்கிறேன். சரக்கு கப்பலிலிருந்து இறங்கி, பெட்டி அடுக்கும் யார்டுக்குப் போய், சீல் உடையாமல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைக்குப் போய்விடும். வழியில் இருக்கிற கடைக்காரனுக்குத் தூசிதான் மிச்சம். டிரைவர்கள் சாப்பிடுவார்களே என்பாய். மணலி ரோட்டில் வரிசையில் நிற்கும் டிரெய்லரின் பக்கவாட்டில் பார்த்திருக்கிறாயா? சேஸிஸோடு சேர்த்து ஓர் இரும்புப் பெட்டி அடித்திருப்பார்கள். திறந்தால் சின்ன சிலிண்டர், கரி பிடித்த குக்கர், ஒரு பை வெங்காயம், பாட்டிலில் எண்ணெய். துறைமுக கேட் திறக்கிற வரை வண்டி நிழலிலேயே சோறு பொங்கிச் சாப்பிட்டுவிடுவார்கள். அவர்களுக்கு வேண்டியது பஞ்சர் கடை, தண்ணீர், குளிக்க ஓர் இடம். கண்ணாடி போட்ட ஷோரூம் இல்லை.

துறைமுகத்துக் காசுதான் வேண்டுமென்றால் யார்டோ குடோனோ போட வேண்டும். அது வேறு தொழில். நாற்பதடி கன்டெய்னர் உள்ளே வந்து திரும்ப இடம் வேண்டும், தரை கனம் தாங்க வேண்டும், முன்னால் இருக்கும் ரோடு அகலமாக இருக்க வேண்டும். உன் பணத்துக்கு அது ஆகாது, உன் வயதுக்கும் ஆகாது (எனக்கும்தான்).

கணக்கையும் போட்டுப் பார்த்தேன். கடை 60 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 5 லட்சத்து 40 ஆயிரம். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் விற்பவனுக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரி, பிடித்துக் கட்டும் வேலையும் உன்னுடையது. வாடகை 25,000 வரும் என்கிறான். வருஷத்தில் இரண்டு மாதம் காலியாகக் கிடந்தால் கைக்கு வருவது இரண்டரை லட்சம். போட்ட காசுக்கு 4 சதவீதம்கூடத் தேறவில்லை, அதிலும் சொத்து வரி, மெயின்டனன்ஸ் போக வேண்டும். பேங்க் டெபாசிட்டே மேல். "விலை ஏறும் சார்" என்பான். ஏறுவது நிலத்தின் விலை. அந்தக் காம்ப்ளக்ஸ் நிற்கும் நிலத்தில் உன் பங்காக எழுதித் தரும் பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடி என்று கேட்டாயா? முதலில் அதைக் கேள்.

அப்புறம் தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறியது நாம் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரிந்த சங்கதி. கடலோரம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, ஆனால் உன் கட்டடத்துக்குக் குழாய் வருமா என்பது தனிக் கேள்வி. ஹோட்டல் வைக்க வருகிறவன் வாடகை பேசுவதற்கு முன் போர்வெல் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பார்ப்பான். உப்புக் கரித்தால் ஒரு வார்த்தை பேசாமல் போய்விடுவான்.

மழையையும் கேட்டு வை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது வெள்ளத்தோடு வந்த எண்ணெயில் எண்ணூர் முகத்துவாரமே மிதந்தது, பாவம், மீன்பிடிக்கிற சனங்களுக்கு வலை, படகு எல்லாம் கறுத்துப்போயிற்று. கட்டடம் கட்டுவதைக் கட்டுப்படுத்தும் கடற்கரை ஒழுங்குமுறை விதி கடலிலிருந்து 500 மீட்டருக்கு மட்டும்தான் என்று நினைக்காதே, அலை ஏறி இறங்கும் உப்பங்கழிக்கும் அது உண்டு. சர்வே நம்பரை வாங்கிக் கடற்கரை மண்டல வரைபடத்தில் பார்த்துவிடலாம். தாய்ப்பத்திரம், 30 வருஷ வில்லங்கம், பட்டா, திட்ட அனுமதி, ரியல் எஸ்டேட் ஆணையம் தரும் ரெரா நம்பர், இதெல்லாம் உனக்கே தெரியும்.

கடைதான் வேண்டுமென்றால் ஜனம் காலால் நடக்கிற இடத்தில் வாங்கு. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு எங்கள் பக்கம் ஸ்டேஷன் படி இறங்கினாலே ஒரு டிபன் கடை, ஒரு மெடிக்கல், ஒரு ரத்தப் பரிசோதனை லேப். அவை வாடகைக்குத் தவம் கிடப்பதில்லை, விலையும் அதற்குத் தகுந்த மாதிரி ஏறிவிட்டது. மீஞ்சூரிலேயே ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய பஜாரில் பழைய கடை, ஏற்கெனவே ஆள் இருக்கிற கடையாகக் கிடைத்தால் சொல், நானே வந்து பேசுகிறேன். பார்க்க லட்சணமாக இருக்காது. ஷட்டர் துரு ஏறியிருக்கும். சுற்றுப்பட்டு கிராமத்து ஜனம் அரிசியும் உரமும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் வாங்க அங்கேதான் இறங்குகிறது. இருக்கிற ஆளின் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் பார். 2019இல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி அது கட்டாயம்.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். புரோக்கர் கூப்பிடும் காலை நேரத்தில் போக வேண்டாம், அவன் காரிலும் போக வேண்டாம். மின்சார ரயிலில் போவோம், சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த ரோட்டில் நின்று எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்று பார்ப்போம். வரும்போது தாய்ப்பத்திர நகலை வாங்கி வா. தரமாட்டேன் என்றால் வெறுங்கையோடு வா, காசிமேட்டில் வஞ்சிரம் எடுத்து வைக்கிறேன்.

அன்புடன்,
குமரேசன்