பூச்சியைப் பார்த்துப் பிறந்த சண்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் குங்ஃபூ பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். புலி, கொக்கு, பாம்பு என்று பட்டியல் போட்டுவிட்டு, 'விலங்குகளைப் போல நடிப்பது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அது நியாயமே இல்லை. வட சீனாவின் ஷாண்டோங்கில் வளர்ந்த கும்பிடுபூச்சி முறையை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்களைக் கொக்கிபோல் வளைப்பது அழகுக்காக இல்லை, எதிராளியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து அவன் நிலை தடுமாறும் அந்த நொடியிலேயே மற்றக் கை அடித்துவிடும். கால் மட்டும் பூச்சியுடையது இல்லை, குரங்குடையது என்பார்கள். பூச்சியின் நடையை வைத்துக்கொண்டு மனிதன் சண்டை போட முடியுமா, சொல்லுங்கள்!

வாங் லாங் என்பவர் கும்பிடுபூச்சி ஒன்று சில்வண்டைப் பிடிப்பதைப் பார்த்து இதை உருவாக்கினார் என்பது கதைதான். அவர் காலத்தையே ஒருவர் சோங் அரச மரபின் காலம் என்கிறார், இன்னொருவர் பின்னால் வந்த மிங் மரபின் காலம் என்கிறார், நடுவில் சில நூற்றாண்டுகள் போய்விடுகின்றன. கட்டுரை அதை வரலாறாகவே எழுதிவிட்டது. அப்புறம், தெற்கே குவாங்டோங்கின் ஹக்கா மக்களிடம் இருக்கும் கும்பிடுபூச்சி முறை வேறு, பெயர் ஒன்றானாலும் வடக்கோடு அதற்கு உறவில்லை. இரண்டையும் கலந்து படம் போட்டிருக்கிறீர்கள். அடுத்த வாரம் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்